தீர விசாரிப்பதே மெய்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மயிலாப்பூரின் வெயில் தணியும் முன்பே வந்து இடம்பிடித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

“மனிதக் கண்ணின் எல்லை நமக்கு உணர்த்துவது நம்பிக்கையின் தேவையையா, ஆராய்ச்சியின் தேவையையா?” இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். தேனீ காணும் புறஊதா ஒளி நமக்குத் தெரிவதில்லை, ஆகவே நாம் காணாதவை ஏராளம், ஆகவே காணாத இறைவனை நம்புவதுதான் முறை என்றார். அரங்கமே கைதட்டியது. நடுவர் அவர்களே, நானும் இறை நம்பிக்கை உள்ளவள்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்துத் தெரு வெள்ளீஸ்வரர் சந்நிதியில் நிற்பவள். அப்படிப்பட்ட என்னாலேயே அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை.

ஏன் தெரியுமா? புறஊதா ஒளி இருக்கிறது என்று எதிரணித் தலைவருக்கு யார் சொன்னார்கள்? தேனீயா வந்து சொன்னது? 1800ஆம் ஆண்டு வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்தபோதும் வெப்பம் ஏறியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் யோகான் ரிட்டர், ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போனார். ஊதாவுக்கு அப்பாலிருந்த இருட்டில்தான் அது விரைந்து கறுத்தது. அங்கே இருந்ததுதான் புறஊதா ஒளி. என்னை நம்புங்கள் என்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. நீங்களே வைத்துப் பாருங்கள் என்றார்கள். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான் நம் கண்ணின் ஆட்சி என்று வேலி போட்டுக் காட்டியதும் ஆராய்ச்சிதான், வேலிக்கு அந்தப் பக்கம் என்ன விளைகிறது என்று சொன்னதும் ஆராய்ச்சிதான். அங்கே அறுவடை செய்ததைக் கொண்டுவந்து, ஆராய்ச்சி போதாது என்பதற்குச் சாட்சி வைக்கிறார்கள். இது நியாயமா?

ஜான் டால்டனை உங்களுக்குத் தெரியும், அணுக்கொள்கை தந்தவர். அவர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஆழ்ந்த பக்தர். பகட்டான உடையை விலக்குவது அவர்கள் மரபு. ஆனால் 1834இல் பல்கலைக்கழகம் அளித்த செக்கச்சிவந்த அங்கியோடு இங்கிலாந்து அரசர் முன்னே போய் நின்றார். அந்தச் சிவப்பு மற்றவர்களுக்குத் தெரிவதுபோல அவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருந்தது. அதை உணர்ந்து 1794இலேயே மான்செஸ்டரில் உரை நிகழ்த்தியவர் அவர். தம் விழிக்குள் இருக்கும் திரவம் நீல நிறம் கொண்டது, அதுதான் சிவப்பை விழுங்கிவிடுகிறது என்று நினைத்தார். நினைத்ததோடு நின்றாரா? தாம் இறந்த பிறகு கண்ணைத் திறந்து சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1844இல் அவர் இறந்ததும் மருத்துவர் திறந்து பார்த்தார். திரவம் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. டால்டன் நினைத்தது தவறு! கண்ணின் எச்சத்தைப் பாதுகாத்து வைத்தார்கள். 1995இல் அதன் மரபணுவை ஆராய்ந்தபோதுதான், பச்சைப் பகுதி ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது. இறைவனை நம்பிய அந்த மனிதர், தம் கருத்தை நம்பும்படி உலகத்தைக் கேட்கவில்லை. சாவுக்குப் பிறகும் சோதனைக்குத் தம் கண்ணைக் கொடுத்தார். எனக்கு அதைவிடப் பெரிய பக்தி தெரியவில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பதோடு எதிரணியினர் நிறுத்திக்கொண்டார்கள். பழமொழி அங்கே முடியவில்லையே! தீர விசாரிப்பதே மெய் என்றல்லவா முடிகிறது?

நம் ஊர்க்காரர் போலவே ஒருவரைச் சொல்கிறேன். மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து வியந்தார். அது வானத்தின் பிரதிபலிப்பு என்று புகழ்பெற்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவே சொல்லியிருந்தார். ராமன், பிரதிபலித்து வரும் ஒளியை வடிகட்டக்கூடிய நிக்கோல் பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பைத் தணித்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார்.

இனி என் வீட்டுக் கதை. என் தம்பி இரண்டாம் வகுப்பில் மாவிலை வரைந்து பழுப்பு வண்ணம் தீட்டினான். திமிர் என்று ஆசிரியர் அடித்தார். வளர்ந்து, ரயில் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினான். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார்கள். அவனால் படிக்க முடியவில்லை. வேலை போயிற்று. சமிக்ஞை விளக்கின் சிவப்பும் பச்சையும் உயிர்ப் பிரச்சினை என்பதால் அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மா வெள்ளீஸ்வரர் கோயிலுக்கு ஓடினார். கண்ணிழந்த சுக்கிரன் பார்வை பெற்ற தலம் அல்லவா? அது அவருக்கு ஆறுதல் தந்தது. அந்த ஆறுதலை நான் மதிக்கிறேன். ஆனால் அதே வாரம் ஒருவன் வீட்டுக்கு வந்தான். “கண்ணுக்குத் தெரியாத சக்தி எத்தனையோ இருக்கிறதம்மா” என்றான். எதிரணித் தலைவரின் அதே வாசகம்! மந்திரித்த தைலம் என்று ஆறு மாதம் விற்றான். அம்மாவின் இரண்டு வளையல்கள் போயின. தம்பியின் கண் எரிந்ததுதான் மிச்சம்.

அதைவிடக் கொடுமை, முன்ஜென்மத்தில் நான் என்ன பாவம் செய்தேனோ என்று அம்மா இரவில் அழுதது. பிறகு ஒரு கண் மருத்துவர் காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். சிவப்பு, பச்சையைப் பிரித்தறிய உதவும் மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். தாய்க்கு அது இரண்டு, ஒன்றில் குறை இருந்தாலும் மற்றொன்று ஈடுசெய்துவிடும். மகனுக்குத் தாயிடமிருந்து வரும் ஒன்றுதான் உண்டு. “இதில் பாவம் எங்கேயம்மா வந்தது?” என்று கேட்டார். அன்றுதான் அம்மா நிம்மதியாக உறங்கினார். இன்றும் கோயிலுக்குப் போகிறார், ஆனால் குற்றவாளியாகப் போவதில்லை.

தெரியாததையெல்லாம் இறைவன் கணக்கில் எழுதாதீர்கள் நண்பர்களே. எழுதினால், நாம் புதிதாக ஒன்றை அறியும் ஒவ்வொரு நாளும் அவர் கணக்கு குறையும். என் இறைவனை அந்த நிலைக்குத் தள்ள எனக்கு மனமில்லை.

தம்பிக்கு இப்போது நான்கு வயதில் ஒரு மகள். முன்வரிசையில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பியின் எக்ஸ் குரோமோசோம் அவளிடம் இருக்கிறது, அது உறுதி. நாளை அவளுக்கு ஒரு மகன் பிறந்து, அவனும் மாவிலைக்குப் பழுப்பு தீட்டினால், அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் பாட்டிக்குத் தெரியும்.

வாய்ப்புக்கு நன்றி, நடுவர் அவர்களே. வணக்கம்.