முக்குளிக்காத முக்குளிப்பு வாத்து

சரி, அடுத்த கேள்வி. டெல்லி சத்தர்பூர் பண்ணை வீடு ஒன்றில் ரோஸி பில்ட் போச்சார்ட் வாத்து ஜோடி வளர்க்கும் நண்பர் கேட்கிறார்: "தென் அமெரிக்க முக்குளிப்பு வாத்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் முக்குளிப்பதே இல்லை, தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேய்கிறது. நோயா? குளத்துக்கு ஆழம் போதவில்லையா?"

இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் சொல்வதுதான்: எந்தப் பறவையானாலும் முதலில் அது எதைத் தின்கிறது என்று பாருங்கள். அர்ஜென்டினா, உருகுவே, சிலி பக்கத்துச் சதுப்புகளில் இதற்குத் தீனி விதை, கிழங்கு, கோரை, நீர்ச்செடி. நெல் வயலிலும் இறங்கும். தீனி மேலாகவே கிடைக்கும்போது அது ஏன் மூழ்க வேண்டும்? உறவுமுறையில்தான் இது முக்குளிப்பு வாத்து. மேய்ச்சலில் அப்படி இல்லை. அதனால் இதை நோய் என்று நினைக்க வேண்டாம். ஆழத்தைக் கூட்டுவதைவிடக் கரையோரம் செடி வளர விடுங்கள்.

குளிர்காலத்தில் டெல்லியில் யமுனைக் கரை ஓக்லா பக்கம் போனால் இதன் நெருங்கிய சொந்தத்தையே பார்க்கலாம். ரெட் கிரெஸ்டட் போச்சார்ட், இங்கே லால்சர் என்பார்கள். இரண்டும் நெட்டா என்ற ஒரே பேரினம். லால்சரும் பெரும்பாலும் செடிதான் தின்னும். மூழ்கியும் மேயும், தலைகீழாகக் கவிழ்ந்தும் மேயும். மறுபடியும் தீனிதான், பாருங்கள்!

ஆனால் இந்த வாத்தைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்தது கூட்டைப் பற்றி. பெண் ரோஸி பில் சில சமயம் அடுத்தவள் கூட்டில் முட்டையிட்டுவிடும். அதே சதுப்பில் கருந்தலை வாத்து என்று ஒன்று உண்டு. அது கூடு கட்டி அடைகாப்பதே இல்லை, முட்டையை ரோஸி பில் கூட்டிலோ நாமக்கோழி கூட்டிலோ விட்டுப் போய்விடும். குஞ்சு பொரித்து ஓரிரு நாளில் யார் துணையும் இல்லாமல் தானே பிழைக்கக் கிளம்பிவிடும். குயில் குஞ்சைக் காக்கை எத்தனை நாள் ஊட்டி வளர்க்கிறது! இதற்கு அடைகாக்கும் சூடு மட்டும் போதும். எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

அப்புறம், நண்பரே, அந்தக் குளத்தில் வேறு இன வாத்துகளைச் சேர்க்காதீர்கள், கலப்பினம் பிறந்துவிடும். யமுனையில் கொண்டுபோய் விடவும் கூடாது. சிவந்த அலகும் அது நெற்றியோடு சேரும் இடத்தில் புடைப்பும் உள்ளது ஆண், பழுப்பு நிறம் பெண். இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.