கூட்டத்துக்கென்று எழுதிய பாட்டு: குயின் இசைக்குழுவின் கதை

[திரை இருட்டாக இருக்கிறது. ஒலி மட்டும்: தொம், தொம்... டப். தொம், தொம்... டப்.]

இந்தத் தாளம் உங்களுக்குத் தெரியும். பாட்டின் பெயர் தெரியாமல் இருக்கலாம், பாடியவர் யார் என்று தெரியாமல் இருக்கலாம், தாளம் தெரியும். காலால் இரண்டு மிதி, கையால் ஒரு தட்டு. எந்த ஊர் விளையாட்டு மைதானத்திலும் இதைக் கேட்கலாம். இந்தப் பாட்டில் டிரம்ஸே கிடையாது. கடைசியில் கிட்டார் வந்து சேரும் வரை ஏறக்குறைய எல்லாமே மனிதர்களின் காலும் கையும் தொண்டையும்தான்.

பாட்டு 'வீ வில் ராக் யூ'. குழு, பிரிட்டனின் குயின்.

குயினின் மைல்கற்கள் என்று தேடினால் விற்பனைக் கணக்கும் விருதுகளும் வரிசையாக வந்து நிற்கும். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. மேடையில் நான்கு பேர் இருந்த இந்தக் குழு, எதிரே நின்ற கூட்டத்தைத் தன் பாட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

[திரையில்: லண்டன், 1968. கல்லூரி அறிவிப்புப் பலகை.]

இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த பிரையன் மே, டிரம்ஸ் வாசிக்க ஆள் வேண்டும் என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். வந்து சேர்ந்தவர் ரோஜர் டெய்லர், பல் மருத்துவ மாணவர். பாடகர் டிம் ஸ்டாஃபெல். இந்த மூவரும் சேர்ந்த குழுவின் பெயர் 'ஸ்மைல்'.

பிரையன் கையிலிருந்த கிட்டாரைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அது கடையில் வாங்கியதல்ல. 1963-ல், பதினாறு வயதில், அப்பா ஹரால்டுடன் சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டார். கழுத்துப் பகுதிக்கு மரம், யாரோ கழற்றிப் போட்ட பழைய கணப்படுப்பின் மேல்பலகை. நூறு வருடத்துக்கு மேல் பழைய மரம். தந்திகளை வளைத்து ஒலியை நெளிய வைக்கும் பகுதியில் இருக்கும் சுருள்வில், பழைய பேந்தர் மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்தது. கழுத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த பொத்தான்கள். மீட்டுவதற்கு அவர் பயன்படுத்துவது ஆறு பென்னி நாணயம். இன்று வரை அதே கிட்டார்தான். குயின் பாட்டில் கிட்டார் ஒருவர் பாடுவதுபோலக் கேட்கிறது இல்லையா, அதன் தொடக்கம் இந்த வீட்டுப் பட்டறையில் இருக்கிறது.

ஸ்மைல் குழுவைச் சுற்றி வந்துகொண்டிருந்த ரசிகர்களில் ஒருவர் ஃபரோக் புல்சாரா. 1946-ல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர். அங்கே 'ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளிக் குழுவில் பியானோ வாசித்தார். 1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டது. லண்டனின் ஈலிங் கலைக் கல்லூரியில் ஓவியமும் வடிவமைப்பும் படித்தார். டிம்மும் அங்கேதான் படித்தார். 1970-ல் டிம் விலகியதும் அந்த இடத்துக்கு இவர் வந்தார். குழுவுக்குக் 'குயின்' என்று பெயர் வைத்தவர் இவர்தான். தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஃப்ரெடி மெர்க்குரி.

1971-ல் பேஸ் கிட்டாருக்கு ஜான் டீக்கன் வந்தார். மின்னணுவியல் மாணவர், அதிகம் பேசாதவர். குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் பலகையை எடுத்து வந்து சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தார். பிரையன் அதைப் பல பாட்டுகளில் பயன்படுத்தினார். இயற்பியல், பல் மருத்துவம், ஓவியம், மின்னணுவியல். நான்கு படிப்பும் இந்த இசைக்குள் எப்படியோ வந்து சேர்ந்திருக்கின்றன என்றே எனக்குத் தோன்றும்.

முதல் ஆல்பம் 1973-ல் வந்தது. லண்டனின் டிரைடென்ட் ஸ்டுடியோவில், மற்றவர்கள் வேலை முடித்துப் போன காலி நேரங்களில் பதிவு செய்தார்கள். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் 'கில்லர் குயின்' பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. சரி, இனிமேல்தான் கதையே இருக்கிறது.

[திரையில்: வேல்ஸ், ராக்ஃபீல்டு பண்ணை ஸ்டுடியோ. சுழலும் ஒலிநாடா.]

1975. 'போஹீமியன் ராப்சடி'. ஃப்ரெடி எழுதிய பாட்டு. மெதுவாகப் பியானோவில் தொடங்கும், நடுவில் திடீரென்று ஆபரா, அதாவது மேற்கத்திய இசை நாடக மேடையாக மாறும், அப்புறம் முரட்டு ராக், கடைசியில் மறுபடி அமைதி. பல்லவி என்று சொல்ல எதுவும் இல்லை. நீளம் 5 நிமிடம் 55 விநாடி.

அந்த ஆபரா பகுதியில் பெரிய கோரஸ் ஒன்று பாடுவதாகக் கேட்கும். பாடியவர்கள் மூன்றே பேர்: ஃப்ரெடி, பிரையன், ரோஜர். அன்றைய ஒலிநாடாவில் 24 தடங்கள் உண்டு. தடத்துக்கு ஒரு குரல் என்று பாடி நிரப்புவார்கள். நிரம்பியதும் எல்லாவற்றையும் கலந்து ஒன்றிரண்டு தடங்களுக்குள் அடக்கி, மற்ற தடங்களைக் காலி செய்து, அவற்றின் மேல் மறுபடி பாடுவார்கள். மறுபடி அடக்குவார்கள். இப்படியே அடுக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் நாடா இயந்திரத்தின் தலையில் உரசி ஓடியாக வேண்டும். ஒரு கட்டத்தில் நாடாவின் காந்தப்பூச்சு தேய்ந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. மூன்று தொண்டைகளை வைத்து ஒரு கூட்டத்தையே உண்டாக்கியதற்கு அந்த நாடா கொடுத்த விலை அது.

இவ்வளவு நீளமான பாட்டை வானொலி போடாது என்று இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது. வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் ஒரே வார இறுதியில் 14 முறை போட்டார். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இதை மேடையில் எப்படிப் பாடுவது? பாட முடியாது. அவர்களும் பாசாங்கு செய்யவில்லை. கச்சேரியில் ஆபரா பகுதி வந்ததும் நான்கு பேரும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். ஒலிநாடா ஓடும், விளக்குகள் சுழலும். ராக் பகுதி தொடங்கும் நொடியில் திரும்பி வந்து நிற்பார்கள். அதாவது அவர்களுடைய மிகப் பெரிய பாட்டின் நடுப்பகுதியில் மேடை காலியாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1976 செப்டம்பர் 18. லண்டன் ஹைட் பார்க்கில் இலவசக் கச்சேரி. வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேர் இருக்கும் என்று கணக்கு. நேரம் கடந்துவிட்டது, இனி மேடை ஏறக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டதால், மறுபடி ஒரு பாட்டு கேட்டுக் கத்திய கூட்டத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

[திரையில்: ஸ்டாஃபோர்ட், பிங்லி ஹால். 1977 மே 29.]

எட்டு மாதம் கழித்து வந்த இந்த இரவைத்தான் நான் குயின் வரலாற்றின் நடுப்புள்ளி என்பேன்.

கச்சேரி முடிந்தது. குழு மேடையை விட்டு இறங்கியது. கூட்டம் கலையவில்லை. கைதட்டி அழைப்பதற்குப் பதிலாக ஒரு பாட்டைப் பாடத் தொடங்கியது. லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் அணிக்காகப் பாடும் 'யூ வில் நெவர் வாக் அலோன்'. ரசிகர்கள் குழுவுக்காகப் பாடினார்கள். மேடைக்குப் பின்னால் நின்று கேட்ட நால்வருக்கும் உலுக்கிப் போட்டதுபோல் இருந்தது.

அன்று இரவு பிரையன் ஒரு கேள்வியோடு தூங்கப் போனார். இப்படி நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? நகர முடியாது. ஆனால் காலை மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். காலையில் எழும்போது தலைக்குள் அந்தத் தாளம் இருந்தது.

[ஒலி: தொம், தொம்... டப்.]

பதிவு செய்த இடம் வெசெக்ஸ் ஸ்டுடியோ. முன்பு தேவாலயக் கூடமாக இருந்த கட்டடம், நல்ல எதிரொலி. அங்கே கிடந்த பழைய மரப்பலகைகளின் மேல் எல்லோரும் ஏறி நின்று மிதித்தார்கள், தட்டினார்கள், பல முறை. இங்கேதான் பிரையனுக்குள் இருந்த இயற்பியல்காரர் வேலை செய்தார். அதே சத்தத்தைச் சற்றுத் தாமதமாக மேலே மேலே சேர்த்தார். தாமதங்கள் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாகவோ மும்மடங்காகவோ இருந்தால் காதுக்கு அது எதிரொலியாகத்தான் படும். அதனால் பகா எண்களின் விகிதத்தில் தாமதங்களை வைத்தார். அவை ஒன்றோடொன்று பொருந்தாது. கேட்பவருக்கு எதிரொலியாகத் தோன்றாது. வெவ்வேறு தூரத்தில் நிற்கும் ஆயிரம் பேர் மிதிப்பதாகத் தோன்றும். நீங்கள் அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்பதாகத் தோன்றும்.

என்னை மறுபடி மறுபடி வியக்க வைப்பது இதுதான். கேட்பவர் தானும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒரு பாட்டைக் கட்டியிருக்கிறார்கள். சங்கீதம் தெரிய வேண்டாம், ஆங்கிலம்கூட வேண்டாம். அதே நேரத்தில் ஃப்ரெடி எழுதியது 'வீ ஆர் த சாம்பியன்ஸ்'. இரண்டும் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக 1977-ல் வெளிவந்தன.

1980-ல் அமெரிக்காவிலும் முதலிடம், இரண்டு பாட்டுகளுக்கு. அதில் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' அந்த அமைதியான ஜான் டீக்கன் எழுதியது. 1981 மார்ச்சில் தென் அமெரிக்கா. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஒரே இரவில் 1,31,000 பேர். 'லவ் ஆஃப் மை லைஃப்' பாட்டுக்குப் பிரையன் கிட்டாரை மீட்ட, போர்த்துகீசியம் பேசும் அந்தக் கூட்டம் ஆங்கில வரிகளைப் பாடியது. ஃப்ரெடி பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் சரியாக அமையவில்லை. 1982 ஆல்பம் பழைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1984 அக்டோபரில், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய் சன் சிட்டியில் பாடினார்கள். கலைஞர்கள் அங்கே போகக் கூடாது என்ற புறக்கணிப்பு இருந்த காலம் அது. பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது. எங்களுக்கு அரசியல் கிடையாது, ரசிகர்களுக்காகப் பாடினோம் என்றார்கள். எனக்கு அவர்கள் இசை உயிர். ஆனாலும் அந்தப் பயணம் தவறு.

[திரையில்: வெம்ப்ளி, 1985 ஜூலை 13. பகல் வெளிச்சம்.]

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்'. வெம்ப்ளி மைதானத்தில் 72,000 பேர். அவர்கள் குயினுக்காக மட்டும் டிக்கெட் வாங்கியவர்கள் அல்லர். ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிடம் சொச்சம்தான். மாலை 6:41-க்கு மேடை ஏறினார்கள். கோடைக்காலம், இன்னும் வெயில். அவர்கள் கச்சேரிக்கே அடையாளமான விளக்கு அலங்காரம் எதற்கும் உதவாது. அதனால் முன்கூட்டியே ஒரு நாடக அரங்கை எடுத்து, கடிகாரம் பார்த்து, நிமிடத்துக்கு நிமிடம் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

ஃப்ரெடி பியானோவில் உட்கார்ந்து 'போஹீமியன் ராப்சடி' தொடங்கினார். முதல் பகுதியும் கிட்டாரும் மட்டும். ஆபராவுக்குள் போகாமல் நேராக ரோஜர் எழுதிய 'ரேடியோ காகா'. அந்தப் பாட்டில் பல்லவிக்கு இடையே இரண்டு கைதட்டு வரும், கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்ட வேண்டும்.

[படச்சுருள் மெதுவாக ஓடுகிறது.]

இந்தக் காட்சியைச் சத்தம் இல்லாமல் பாருங்கள். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, காற்றடித்த வயல்போல, எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் சேர்கின்றன. அடுத்து ஃப்ரெடி வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் ஒரு நீண்ட 'ஏ...ஓ' போடுகிறார். 72,000 பேர் அதைத் திருப்பிப் போடுகிறார்கள். அவர் வளைக்கிறார், அவர்களும் வளைக்கிறார்கள். பாதி முறிந்த ஒலிவாங்கிக் கம்பி ஒன்றைத் தவிர அவர் கையில் எதுவும் இல்லை. கடைசியில் வருவன, ஸ்டாஃபோர்ட் இரவில் பிறந்த அந்த இரண்டு பாட்டுகள்.

அடுத்த வருடம் ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். 1986 ஆகஸ்ட் 9, இங்கிலாந்தின் நெப்வொர்த். அதுதான் ஃப்ரெடியோடு கடைசிக் கச்சேரி. அது அன்று வந்தவர்களுக்குத் தெரியாது. 1991 நவம்பர் 23-ல் தனக்கு எய்ட்ஸ் இருப்பதாக அறிக்கை விட்டார். மறுநாள் இறந்தார். 45 வயது. உடல் உருகிக்கொண்டிருந்த அந்தக் கடைசி வருடங்களிலும் ஸ்டுடியோவுக்கு வந்து பாடிக்கொண்டேதான் இருந்தார்.

1992 ஏப்ரல் 20-ல் வெம்ப்ளியில் அவருக்கு அஞ்சலிக் கச்சேரி. 'ரேடியோ காகா' வந்தபோது பாடியவர் வேறு ஒருவர், எழுந்த கைகள் அதே மாதிரி. 1997-க்குப் பிறகு ஜான் டீக்கன் இசையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். பிரையன் பாதியில் விட்ட முனைவர் ஆய்வை 2007-ல் முடித்தார், சூரியக் குடும்பத்தில் மிதக்கும் தூசியைப் பற்றியது. அவரும் ரோஜரும் இன்று அமெரிக்கப் பாடகர் ஆடம் லாம்பர்ட்டோடு மேடை ஏறுகிறார்கள்.

[திரையில்: ஹைட் பார்க், 2017 ஜூலை 1.]

கடைசியாக ஒரு காட்சி. 1976-ல் போலீஸ் இன்னொரு பாட்டுக்கு விடாத அதே ஹைட் பார்க். அன்று பாட வந்தது குயின் அல்ல, 'கிரீன் டே' என்ற அமெரிக்கக் குழு. அவர்கள் வருவதற்கு முன், நேரம் போவதற்காக ஒலிபெருக்கியில் ஒரு பாட்டைப் போட்டார்கள்: 'போஹீமியன் ராப்சடி'.

65,000 பேர் பாடத் தொடங்கினார்கள். முதல் வரியிலிருந்து. கிட்டார் வந்ததும் அதையும் வாயாலேயே பாடினார்கள். அப்புறம் ஆபரா வந்தது. நாடா தேயத் தேய மூன்று பேர் அடுக்கியது, குயினே மேடையில் பாடாமல் இறங்கிப் போனது. ஒரு பகுதியையும் விடாமல் பாடினார்கள். ராக் பகுதியில் மொத்தப் பூங்காவும் குதித்தது.

மேடையில் யாரும் இல்லை.

[ஒலி மெல்ல அடங்குகிறது.]