வீட்டுக்கென்று எடுத்த படம்

நடுவர் அவர்களே, வணக்கம்!

நீண்ட கலைப்படத்தை ரசிக்க ஏற்ற இடம் திரையரங்கா, வீடா என்பது கேள்வி. வீடே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் படத்தை வீட்டில் பார்ப்பது, தேரைக் காலண்டரில் பார்த்துக் கும்பிடுவது போல என்றார். சரி, அவர் காட்டிய 'ஃபேனியும் அலெக்சாண்டரும்' படத்துக்கே வருகிறேன். 1982-இல் அரங்குக்கு வந்தது 188 நிமிடம். ஆனால் இங்மார் பெர்க்மன் அதை எழுதியது தொலைக்காட்சிக்கு; முழு வடிவம் 312 நிமிடம்! நண்பரே, அந்தத் தேர் கிளம்பியதே வீட்டு வாசலுக்குத்தான். உங்கள் அரங்குக்குள் நுழைய இரண்டு மணி நேரத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. முழுப்படமும் பிறகு அரங்குகளில் ஓடியது, மறுக்கவில்லை.

கழற்றியதில் எது போனது தெரியுமா? கிறிஸ்துமஸ் இரவில் அப்பா ஆஸ்கர், ஃபேனி, அலெக்சாண்டர் என்ற தன் பிள்ளைகளின் அறைக்கு வருகிறார். அங்கே கிடந்த ஒரு சாதாரண நாற்காலியைக் காட்டி, உலகிலேயே விலைமதிப்பற்றது இதுதான் என்று கதை சொல்கிறார். கொஞ்ச நாளில், ஹாம்லெட் நாடகத்தில் ஆவி வேடத்துக்கு ஒத்திகை பார்க்கும்போதே சுருண்டு விழுகிறார், இறந்தும் போகிறார். அந்த நாற்காலிக் கதையைக் கேட்டவருக்கு இந்தச் சாவு எப்படி வலிக்கும், சொல்லுங்கள்!

வீட்டில் போன் அடிக்கும் என்றார் நண்பர். பீரோவில் வைத்துப் பூட்டினோம், தீர்ந்தது.

நானும் அம்மாவும் ஐந்து இரவு பார்த்தோம். முதல் இரவில் யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை. நிறுத்தினோம். ஹெலெனா பாட்டிக்கு மூன்று மகன்கள், மூத்தவர்தான் ஆஸ்கர் என்று அம்மா விரல்விட்டு எண்ணி உறவைப் பிடித்த பிறகு, அது எங்களுக்குத் தெரிந்த குடும்பமாகிவிட்டது. அரங்கில் யார் நிறுத்துவார்கள்?

ஆஸ்கர் போன பிறகு, பிள்ளைகளின் விதவைத் தாய் ஒரு பிஷப்பை மணக்கிறாள். அவர் வீட்டில் வெறும் சுவர், பூட்டிய கதவு, பிரம்படி. ஓர் இரவு அங்கே நிறுத்திப் படுத்தோம். மறுநாள் முழுக்க அடுப்படியில் அம்மாவுக்கு அதே கவலை: "அந்தப் புள்ளைங்கள யாராச்சும் கூட்டிட்டு வந்துருவாங்களா?"

அன்று இரவு, ஈசாக் யாக்கோபி என்ற முதியவர் பிள்ளைகளை ஒரு பெட்டிக்குள் ஒளித்து மீட்டார். அம்மா எழுந்தே நின்றுவிட்டார்கள். நடுவர் அவர்களே, அந்த ஒரு பகல் காத்திருப்பை எந்தத் திரையரங்கு அம்மாவுக்குத் தந்திருக்கும்?

நன்றி, வணக்கம்.