வேனுக்கு இரண்டாவது பேட்டரி, இரண்டாவது முறை

வணக்கம். பின்னால் கொஞ்சம் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிறார்கள். பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் இப்படித்தான்.

இது நம் பழைய வேனட் வேன். பின்னால் படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், காற்றாடி எல்லாம் போட்டாயிற்று. இன்றைக்கு இரண்டாவது பேட்டரி மாட்டப் போகிறேன். உண்மையைச் சொன்னால், இதே வேலையை இரண்டாவது தடவையாகச் செய்கிறேன். முதலில் மாட்டிய பேட்டரி ஏழே மாதத்தில் செத்துப்போனது. அதோ, பூச்சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எப்போது அப்புறப்படுத்துவாய் என்று அம்மா தினமும் கேட்கிறார்.

இருக்கிற பேட்டரி போதாதா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பினாங்குத் தீவில், தெலுக் பஹாங் கடற்கரையில் ஒரு ராத்திரி முழுக்கக் காற்றாடியை ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்கிறது, அவ்வளவுதான். மீன் பிடிக்க வந்திருந்த ஒரு பாக்சிக்தான் (மலாய்க்காரப் பெரியவர்) ஜம்பர் கேபிள் கொடுத்துக் காப்பாற்றினார். இன்ஜினைக் கிளப்புகிற பேட்டரிக்குள் தகடுகள் மெல்லிசு. சில விநாடிகளுக்குப் பெரிய கரண்டைக் கொடுத்துவிட்டு, உடனே திரும்ப நிரம்பிக்கொள்ளத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ராத்திரி பூராவும் சொட்டுச் சொட்டாக இறக்கினால் சீக்கிரம் போய்விடும். அந்த வேலைக்குத் தகடு தடித்த டீப் சைக்கிள் பேட்டரி வேண்டும். நான் வாங்கியிருப்பது 100 ஆம்ப் அவர் (எத்தனை ஆம்ப் கரண்ட், எத்தனை மணி நேரம் என்கிற கணக்கு) ஏஜிஎம், அதாவது மூடிய ரக ஈய (லெட்) பேட்டரி. அதிலும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆக என் கைக்கு வருவது 50தான்.

என் கணக்கு இது. காற்றாடி ஒன்றரை ஆம்ப், ஒன்பது மணி நேரம்: 13.5. ஃபிரிட்ஜ் ஓடும்போது நாலு ஆம்ப் இழுக்கும். நம் ஊர் வெக்கையில் பாதி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 24. விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு நாலு. மொத்தம் 41.5, கிட்டத்தட்ட 42. ஒரு ராத்திரிக்குச் சரியாகப் போகும். இரண்டாவது ராத்திரிக்குப் போதாது.

சரி, பழைய பேட்டரி ஏன் செத்தது? நான் முதலில் பேட்டரி விற்ற கடைக்காரத் தவுக்கேயைத்தான் திட்டினேன். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்த பிறகுதான் யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிந்தது. கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். இன்ஜின் ஓடும்போது, அதைக் கிளப்புகிற முன் பேட்டரியில் 14.1 வோல்ட். பின் பேட்டரியில் 13.4. நடுவில் 0.7 வோல்ட்டைக் காணோம். அப்போது போட்டிருந்த ஒயர் 6 ஸ்கொயர் எம்எம், நாலு மீட்டர். 25 ஆம்ப் ஓடினால் அதிலேயே 0.3 வோல்ட் போய்விடும். மிச்சம் 0.4? மீட்டரின் ஒரு முனையைப் பின் பேட்டரியின் மைனஸில் வைத்தேன், நீள ஒயர் கட்டி இன்னொரு முனையை முன் பேட்டரியின் மைனஸில் வைத்தேன். 0.4 காட்டுகிறது. இந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், அடியில் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. மைனஸை வண்டி பாடியோடு சேர்க்கிற எர்த் ஒயரின் லக்கை (முனை வளையம்), கரண்டைத் தடுக்கிற பெயிண்ட் மேலேயே முறுக்கியிருக்கிறேன். நானேதான்.

இவ்வளவு குறைந்த வோல்ட்டிலும், மணிக்கணக்கில் ஓட்டியிருந்தால் மெதுவாகவாவது ஏறியிருக்கும். என் ஓட்டமோ பினாங்குப் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரம். பாதி நிரம்பிய பேட்டரி வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த சார்ஜர் போட்டாலும் பிழைக்காது.

இந்த முறை 16 ஸ்கொயர் எம்எம். இரண்டு முனையிலும் லக் போட்டு, கைக்கருவியால் நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரை இரவல் வாங்கி அழுத்தினேன். இதோ, இழுத்துப் பார்க்கிறேன், அசையவில்லை. எர்த் போடுகிற இடத்தை உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் தெரிகிற வரைக்கும் தேய்த்து, முறுக்கிய பின் மேலே வாஸ்லின் தடவியிருக்கிறேன். தரையில் துளை போட்ட இடத்தில் ரப்பர் குரோமெட் இருக்கிறது. அது இல்லையென்றால் தகர விளிம்பு கொஞ்ச நாளில் ஒயரை அறுத்துவிடும்.

ஃபியூஸை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒயரின் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் ஃபியூஸ் வேண்டும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். நான் 60 ஆம்ப் போட்டிருக்கிறேன். பின்னால் மட்டும் போட்டால், நடு வழியில் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் முன் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பைக் கொட்டும். படுத்திருக்கிற மெத்தைக்குக் கீழே தீ.

நடுவில் இருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டி ரிலே. முன் பேட்டரி 13.3 வோல்ட் தொட்டதும் இரண்டையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். அதனால் காற்றாடி எவ்வளவு ஓடினாலும் காலையில் இன்ஜின் கிளம்பும். இந்த விஷயத்தில் பழைய வண்டிதான் வசதி. இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் சாதுவாக 14 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். புது வண்டிகள் பலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்ட்டைக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்குவதால் இந்த ரிலே குழம்பிப்போகும். அங்கே, வருகிற வோல்ட் ஏறி இறங்கினாலும் பேட்டரிக்குச் சரியான அளவில் கொடுக்கிற டிசி டு டிசி சார்ஜர் போட வேண்டும். லித்தியம் பேட்டரி என்றாலும் அதுதான், நேராகக் கொடுத்தால் ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடும்.

பேட்டரி பின்னால், படுக்கைக்கு அடியில். இன்ஜின் பக்கம் வைத்தால் ஒயர் மிச்சம்தான், ஆனால் சூடு. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஏஜிஎம் மூடிய பேட்டரிதான், இருந்தாலும் அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் விடும். அதனால் பெட்டியின் மேல் பக்கத்திலிருந்து ஒரு குழாயை வெளியே விட்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியைத் தூங்குகிற இடத்தில் வைக்கவே வேண்டாம்.

இன்ஜினைப் போடுகிறேன். முன்னால் 14.1. பின்னால்... வெளிச்சம் அடிக்கிறது, கையால் மறைக்கிறேன்... 13.9. ஆகா!

அப்படியும் ஒரு மணி நேர ஓட்டத்தில் 20 ஆம்ப் அவர்தான் ஏறும். கடைசி இருபது சதவீதத்துக்கு லெட் பேட்டரி மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். அதனால் ஊர் திரும்பினதும் வீட்டு பிளக்கில் சார்ஜர் போட்டுவிடுகிறேன். இன்றைக்குச் சாயங்காலம் தெலுக் பஹாங் போகிறேன், அதே இடத்துக்கு.

...காலை ஏழு மணி. காற்றாடி இன்னும் ஓடுகிறது. ஃபிரிட்ஜில் பால் சில்லென்று இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன்: பின்னால் 12.3. முன் பேட்டரி 12.7, தொடக்கூட இல்லை. அந்தப் பாக்சிக்கும் வந்திருக்கிறார். கேபிள் வேண்டுமா என்று தூரத்திலிருந்தே சைகையில் கேட்கிறார்.