அயலான் கொண்டுவந்த துணியும் துப்பாக்கியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'இன்றைய ஆப்பிரிக்கக் கலைக்கு வலிமை தருவது தொன்மையை மீட்பதா, காலனியம் விட்டுப்போனதை உருமாற்றுவதா?' என்பது தலைப்பு. உருமாற்றுவதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் பெனின் வெண்கலங்களில் தொடங்கினார். இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்துக்குள் 1897-இல் பிரிட்டிஷ் படை புகுந்தது. அரண்மனையைச் சூறையாடி, ஆயிரக்கணக்கான சிற்பங்களை அள்ளிக்கொண்டு போனது. அவை ஊர் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வழக்கே இல்லை. 2022-இல் ஜெர்மனி அவற்றில் சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அம்மையார் அதோடு நிற்கவில்லை. "கலப்பில்லாத ஆப்பிரிக்கா அங்கேதான் இருக்கிறது, வெள்ளைக்காரன் துணியை வெட்டித் தைப்பதும் அவன் துப்பாக்கியை ஒட்டவைப்பதும் இரவல் கலை" என்றார். அங்கேதான் மறுக்கிறேன்.

அந்த வெண்கலம் எங்கிருந்து வந்தது, அம்மா? பெயர்தான் வெண்கலம், பெரும்பாலும் பித்தளை. போர்த்துகீசியக் கப்பல்களில் லாட வடிவ வளையங்களாக வந்து இறங்கியது. மனில்லா என்று பெயர். மிளகுக்கும் தந்தத்துக்கும் மட்டுமல்ல, மனிதர்களுக்கும் விலையாக எண்ணிக் கொடுத்தது இந்த வளையங்களைத்தான். பெனின் சிற்பங்களின் உலோகம் ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியிலிருந்து போன மனில்லாக்களோடு பொருந்துகிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆளை விற்ற காசை உருக்கித்தான் அந்தக் கைவினைஞர்கள் தங்கள் அரசரின் முகத்தை வார்த்தார்கள். நீண்ட முடியும் தாடியுமாக அந்தப் போர்த்துகீசியனையே பலகையில் ஓர் உருவமாக நிறுத்தினார்கள். தொன்மை என்று அவர் கைகாட்டிய இடத்திலேயே உருமாற்றம்தான் நடந்திருக்கிறது.

துணிக்கு வருகிறேன். ஆப்பிரிக்கத் துணி என்றதும் கண்ணில் நிற்கும் அந்தப் பளிச்சென்ற மெழுகு அச்சுத் துணியின் பூர்வீகம் ஜாவாத் தீவின் பத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணி. அதைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் அச்சடித்தார்கள்; மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் விற்றார்கள். கானாவிலும் டோகோவிலும் சந்தைப் பெண்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் வைத்தார்கள், பழமொழி சூட்டினார்கள். பெயர் வைத்த பிறகு அது யார் பிள்ளை?

இந்தத் துணியைக் கையில் எடுத்தவர் யின்கா ஷோனிபாரே என்ற கலைஞர். 1962-இல் லண்டனில் பிறந்து, நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்தவர். லண்டனில் கலை படித்தபோது ஆசிரியர் ஒருவர், "ஏன் நீ அசல் ஆப்பிரிக்கக் கலை செய்யக்கூடாது?" என்ற பொருளில் கேட்டாராம். அவர் பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போய் இந்தத் துணியை வாங்கி வந்தார். 2003-இல் அவர் செய்த ஒரு படைப்பில் நீண்ட மேசையைச் சுற்றி 14 உருவங்கள். விக்டோரியா காலத்துக் கோட்டுகள், எல்லாம் அந்தத் துணியில் தைத்தவை. மேசைமேல் ஆப்பிரிக்க வரைபடம். கைகள் ஆவேசமாகப் பேசுகின்றன. ஒருவருக்கும் தலை இல்லை. ஆப்பிரிக்காவைப் பங்குபோடுவது பற்றிப் பேச ஐரோப்பிய நாடுகள் கூடிய 1884-85 பெர்லின் மாநாடு அது. ஒரு கண்டத்தின் தலைவிதியைப் பேசிய அந்த மேசையில் ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் இருக்கை இல்லை. இதை மரமுகமூடி செதுக்கிச் சொல்லியிருக்க முடியுமா? கோட்டைத் தைத்தவனுக்கே கோட்டின் கதையைச் சொல்ல அந்தக் கோட்டுதான் வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி ஐரோப்பிய வணிகர்கள் கைவழியாக நைஜர் கழிமுகத்துக் கலாபாரி மக்களிடம் போனது. அங்கே பெண்கள் பிளேடை வைத்துக்கொண்டு நூல் நூலாக வெட்டி உருவுகிறார்கள். உருவ உருவ, நம் தறி நெய்த கட்டம் கரைந்து, அவர்கள் வடிவம் எழுகிறது. பெலெட்டே பிட்டே என்கிறார்கள். கலாபாரிகளின் சடங்குகளுக்கு உரிய துணி அது. அதை இரவல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மதமும் காலனியச் சொத்துதானே என்றார்கள் எதிரணியில். சரி, மொசாம்பிக்கைப் பாருங்கள். போர்த்துகீசியர் போனார்கள், 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர், சுமார் 10 லட்சம் உயிர்கள். போர் ஓய்ந்த பிறகும் துப்பாக்கிகள் மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தன. 1995-இல் அங்கிருந்த கிறிஸ்தவ மன்றம், ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு மண்வெட்டியும் சைக்கிளும் தையல் மெஷினும் வாங்கிக்கொண்டு போங்கள் என்றது. 'பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள்' என்ற பைபிள் தீர்க்கதரிசி ஏசாயாவின் வாக்கை, நாட்டை ஆள வந்தவன் ஊரிலிருந்து வந்த வேதத்தின் வாக்கை, அந்த மக்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

செயலிழக்கச் செய்த அந்த ஆயுதங்களைக் கொண்டு 2001-இல் கெஸ்டர் என்ற கலைஞர் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் ஓர் அரியணை செய்தார். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள். கைப்பிடி சோவியத் ஏகே-47. உட்காரும் இடம் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா. முன்கால் ஒன்று வடகொரியா. முதுகுப்பலகை போர்த்துகலின் ஜி-3 துப்பாக்கி. ஒன்றுகூட ஆப்பிரிக்காவில் செய்ததில்லை.

அந்த முதுகின் உச்சியில் இரண்டு துப்பாக்கிக் கட்டைகள் நிமிர்ந்து நிற்கின்றன. திருகாணி இருந்த துளைகள் இரண்டும் கண்கள். வார் மாட்டிய பள்ளம் வாய். முகம் சிரிக்கிறது. கெஸ்டர் அதைச் செதுக்கவில்லை. கட்டையிலேயே இருந்ததைக் கண்டு, எல்லோருக்கும் தெரியும்படி மேலே வைத்தார்.

எதிரணித் தலைவர் தம் முறை வரும்போது எனக்கு ஒன்றே ஒன்று சொல்லட்டும்: இந்த நாற்காலியை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

நன்றி, வணக்கம்.