பேரு போட்டு எழுதுன பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். வாசகர் வட்டத்துல இருந்து கூப்பிட்டு, பத்திரிகை நடத்துறது மூலமா பசங்களுக்கு எப்படி தன்னம்பிக்கை வருதுன்னு பேசுங்க சார்னு சொன்னாங்க. நான் ஒரு கவர்மெண்ட் நடுநிலைப் பள்ளி வாத்தியார். ஆறு வருஷமா எங்க பசங்க ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துறாங்க, ஒரு ஏ3 தாளை மடிச்சா நாலு பக்கம், மாசம் ஒண்ணு, அவங்களே கையால எழுதி ஜெராக்ஸ் எடுத்து டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டின்னு கொண்டுபோய் வைப்பாங்க. அதுல நான் பாத்ததைத்தான் பேசப்போறேன், பெரிய தத்துவம் எல்லாம் எங்கிட்ட இல்ல.

எட்டாவதுல ஒரு பொண்ணு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்றதே எனக்கு கேக்காது, பக்கத்துல இருக்கிற பிள்ளைதான் 'வந்திருக்கா சார்'னு சொல்லும். அந்தப் பொண்ணு ஒரு நாள் எங்க ஊரு மேல்நிலைத் தண்ணித் தொட்டியைப் பாத்துட்டு வந்திருக்கு. தொட்டியில சுத்தம் செஞ்ச தேதியை பெயிண்ட்ல எழுதியிருப்பாங்கல்ல, அதைக் குறிச்சுட்டு வந்து நாளை எண்ணிப் பாத்து, 'மூணு மாசமா தொட்டி கழுவல'ன்னு அரைப்பக்கம் எழுதிக் குடுத்துச்சு. எழுத்து மணி மணியா இருந்துச்சு, நானும் சந்தோஷமா பேரோட முதல் பக்கத்துலயே போடச் சொல்லிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு டேங்க் ஆபரேட்டர் அண்ணன் ஸ்கூலுக்கு வந்தாரு. சத்தம் போடல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. 'பாப்பா, போன மாசம்தான் பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவுனேன், பெயிண்ட் இல்லாததால தேதியை மாத்தல, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல'ன்னாரு. கேட்டியான்னு நானும் அந்தப் பிள்ளைகிட்ட கேக்காம விட்டுட்டேன், அந்தத் தப்பு என்னோடது. பொண்ணு ஒரே அழுகை, இனிமே எழுதமாட்டேன்னு சொல்லிருச்சு, மறுநாள் அவங்க அம்மா வந்து 'வேண்டாம் சார், ஊர்ப் பொல்லாப்பு'ன்னாங்க.

நான் அவங்க அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். இந்த இடத்துல நிறுத்திட்டா, வாயைத் திறந்தா தப்பாத்தான் போகும்னு இந்தப் பிள்ளை காலத்துக்கும் நினைச்சுக்குமே, பரவால்லையாம்மா? அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு 'சரி, என்ன செய்யணும்'னாங்க. பேரு போட்டு எழுதுனது தப்பாப் போச்சுன்னா பேரு போட்டே திருத்தணும்னு சொன்னேன்.

அந்தப் பொண்ணு தோழியைக் கூட்டிக்கிட்டு ஒரு நோட்டோட போய், அந்த அண்ணன்கிட்ட தொட்டி எத்தனை லிட்டர், கழுவ எவ்வளவு நேரம் ஆகும், உள்ள இறங்கும்போது மூச்சு முட்டாதா, பெயிண்ட் யாரு வாங்கித் தரணும்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிட்டு வந்துச்சு. இத்தனை வருஷத்துல எங்கிட்ட யாரும் இதைக் கேட்டதே இல்லன்னு அவரே சொன்னாராம். அடுத்த இதழ்ல முதல் பக்கத்துல மேல 'திருத்தம்', அதுக்குக் கீழ அவரோட பேட்டி. அந்த அண்ணன் அஞ்சு காப்பி வாங்கிட்டுப் போனாரு.

அதுக்கப்புறம்தான் அந்தப் பிள்ளைக்கு குரல் வந்துச்சு. முதல் கட்டுரை வந்தப்ப எல்லாரும் கை தட்டுனோம், அப்ப வரல, திருத்தம் போட்டதுக்கு அப்புறம் வந்துச்சு. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வந்து ஓரமா உக்காந்து குறிப்பு எடுத்துச்சு. கிராம சபைல தீர்மானம் போடுறது வாக்காளர்கள்தான், பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு அங்க கை தூக்க உரிமை கிடையாது, ஆனா கூட்டம் முடிஞ்சதும் நேரா ஊராட்சி செயலர்கிட்ட போய் 'சார், குடிதண்ணி தீர்மானம் எத்தனாம் நம்பர், ஒருதடவை சரிபாத்துக்கிறேன்'னு கேட்டுச்சு பாருங்க, நான் பின்னாடி நின்னுக்கிட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

கை தட்டுறது நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா நான் சொன்னதுக்கு நானே பதில் சொல்ல முடியும், தப்பா இருந்தா சரி பண்ணவும் முடியும், அதுக்கப்புறமும் ஊருக்குள்ள நடமாட முடியும்னு ஒரு பிள்ளை தெரிஞ்சுக்கிறது இருக்கே, அது மேடையில பரிசு வாங்குனா வர்ற விஷயம் இல்ல.

டெல்லில 'பாலக்நாமா'ன்னு ஒரு பத்திரிகை இருக்கு, 2003ல ஆரம்பிச்சது. நடத்துறது தெருவோரப் பிள்ளைங்க, குப்பை பொறுக்குற பிள்ளைங்க, கடையில வேலை பாக்குற பிள்ளைங்க. சேத்னாங்கிற தொண்டு நிறுவனம் துணைக்கு நிக்குது, ஆனா என்ன எழுதணும்னு பேசி முடிவு பண்றது பிள்ளைங்கதான். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைங்களும் அங்க நிருபர்தான். அவங்களுக்கு 'பாத்தூனி' ரிப்போர்ட்டர்னு பேரு, இந்தியில நல்லா வாயடிக்கிறவங்கன்னு அர்த்தம். அவங்க நடந்ததைச் சொல்லச் சொல்ல எழுதத் தெரிஞ்ச பிள்ளை எழுதிக்கும். நம்ம ஊர்ல வாயாடின்னு சொல்லி ஒரு பிள்ளையை உக்கார வைக்கிறோம், அங்க அதே பேருக்கு ஒரு வேலை குடுத்திருக்காங்க! ரயில் தண்டவாளத்துல அடிபட்டுக் கிடக்கிற உடல்களை எடுக்க தெருவோரப் பிள்ளைங்களைப் பயன்படுத்துறாங்கன்னு வெளிய கொண்டுவந்தது இந்தப் பத்திரிகைதான், அப்புறம்தான் பெரிய பத்திரிகைங்க எடுத்து எழுதுச்சு. அந்தத் தெருவுலயே கிடக்கிற பிள்ளைங்க இல்லாம வேற யாருக்கு அது தெரிஞ்சிருக்கும்?

இன்னும் பின்னாடி போனா பிரான்ஸ்ல செலெஸ்தன் ஃப்ரெனேன்னு ஒரு ஆரம்பப் பள்ளி வாத்தியார். முதல் உலகப்போர்ல நுரையீரல்ல அடிபட்டவரு, ரொம்ப நேரம் சத்தமா பாடம் நடத்த மூச்சு வராது. 1920கள்ல பார்-சுர்-லூங்கிற சின்ன ஊர்ல வகுப்புக்குள்ள ஒரு குட்டி அச்சு மெஷினை வச்சு, பிள்ளைங்க பாத்தது கேட்டதை அவங்களே எழுதி, ஈய எழுத்தை ஒண்ணு ஒண்ணாக் கோத்து அச்சடிச்சு, பிரான்ஸ்லயே பிரிட்டானிங்கிற பகுதியில கடற்கரைப் பக்கம் இருந்த இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க, அங்க இருந்தும் பதிலுக்கு வரும். வாத்தியார் சிவப்பு மையில வட்டம் போடுறதுக்கும், எங்கேயோ ஒரு பிள்ளை நம்ம எழுதுனதைப் படிக்கக் காத்திருக்கான்னு தெரியிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கு. எழுத்துப்பிழையை எங்க பசங்க தேடித் தேடித் திருத்துறது எனக்காக இல்ல, டீக்கடைல படிக்கிற பெருசுங்களுக்காகத்தான்.

நம்ம அரசுப் பள்ளிகள்லயும் 2022ல இருந்து ஊஞ்சல், தேன்சிட்டுன்னு இதழ்கள் வருது, பசங்க படைப்பு அதுல வருது, அனுப்புங்க. ஆனா பெத்தவங்களுக்கும் டீச்சர்மாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன், நீங்க எழுதிக் குடுக்காதீங்க. ஆண்டு மலர்ல அப்பா எழுதுன கவிதைக்குக் கீழ பையன் போட்டோ வருது, அந்தப் பையனுக்கு உள்ளுக்குள்ள தெரியும் அது தன்னோடது இல்லன்னு. நாலு வரி கோணலா இருந்தாலும் அவனே எழுதட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து 'இது உனக்கு எப்படித் தெரியும், யாருகிட்ட கேட்ட'ன்னு மட்டும் கேளுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்பக் கறாரு. கஷ்டத்துல மாட்டுன ஒரு பிள்ளையோட பேரு, போட்டோ, ஸ்கூலு, தெரு எதையும் வெளியிடக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015லயும் போக்சோ சட்டத்துலயும் இதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. எங்க பசங்களுக்கு முதல் வகுப்பே இதுதான், ஏன்னா வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ போயிருச்சுன்னா அதுக்குத் திருத்தம் போட முடியாது. ஒரு தடவை ஏழாவது படிக்கிற பையன், கூடப் படிக்கிறவன் வீட்டுப் பிரச்சினையை எழுதிட்டு வந்து, அவனே ராத்திரி பூரா யோசிச்சுட்டு காலைல 'இது வேண்டாம் சார்'னு கிழிச்சுட்டான். அதையும் நான் அவன் செஞ்ச பத்திரிகை வேலைன்னுதான் கணக்குல வச்சிருக்கேன்.

இந்த மாச இதழ் வாசல் மேஜைல இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. மூணாம் பக்கத்துல நம்ம ஊரு கால்நடை மருந்தகத்தைப் பத்தி ரெண்டு பசங்க எழுதியிருக்காங்க. தப்பு ஏதும் கண்ணுல பட்டா கடைசிப் பக்கத்துல இடம் விட்டிருக்கு, எழுதி உங்க பேரையும் போட்டுக் குடுங்க, அடுத்த மாசம் அவங்களே பதில் போடுவாங்க.