துணி போட்டு மூடிய முகம்

வணக்கம். அழைப்பிதழில் ‘மார்க் ட்வெய்னின் கதைசொல்லும் முறையும் பாத்திரப் படைப்பும்’ என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துப் பயந்து யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நான் பேசப்போவது அந்த அமெரிக்க எழுத்தாளரின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் வருகிற ஒரு பிணத்தைப் பற்றி. அது யாருடைய பிணம் என்பது ஒன்பதாவது அத்தியாயத்திலேயே ஓர் ஆளுக்குத் தெரிந்துவிடுகிறது. கதை சொல்கிற பையனுக்குக் கடைசி அத்தியாயத்தில்தான் தெரிகிறது. நடுவில் முப்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பி ஆற்றங்கரையில் மிசௌரி மாநிலத்துச் சிற்றூர் ஒன்று. காலம் ஏறக்குறைய 1840. ஹக் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். தாய் இல்லை. அப்பன் பெருங்குடிகாரன். மகன் பெயரில் 6,000 டாலர் இருப்பது தெரிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுக் குடிசையில் பூட்டிவைத்து அடிக்கிறான். பையன் தன்னை யாரோ கொன்றுபோட்ட மாதிரி ஜோடித்துவிட்டு ஒரு தீவுக்கு ஓடிவிடுகிறான். அங்கே ஜிம் இருக்கிறார். மிஸ் வாட்சன் என்ற அம்மாளின் அடிமை. தன்னை 800 டாலருக்கு நியூ ஆர்லியன்ஸ் பக்கம் விற்கப் பேசுகிறார்கள் என்பது காதில் விழுந்து ஓடிவந்தவர். அப்புறம் இருவரும் ஒரு தெப்பத்தில் ஆற்றோடு போகிறார்கள்.

இங்கேயே ஒரு சிக்கல். ஜிம்மை ‘அவன்’ என்பதா, ‘அவர்’ என்பதா? ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் முடிவெடுத்தாக வேண்டும். ஜிம் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற ஆள். ஆனால் ஹக்கின் வாயில் அவர் ‘அவன்’தான். அந்த ஊரில் வெள்ளைக்காரப் பிள்ளை எதற்கும் வேறு மாதிரி சொல்ல வந்திருக்காது. நான் என் வாயால் பேசும்போது ‘அவர்’ என்பேன், ஹக்கின் வரியைச் சொல்லும்போது ‘அவன்’ என்பேன். இந்த இரண்டு விகுதிகளுக்கு நடுவில்தான் நாவலே நடக்கிறது என்று எனக்கு ஓர் எண்ணம்.

சரி, பிணத்துக்கு வருவோம். ஆற்றில் வெள்ளம். விடியப்போகிற நேரத்தில் ஒரு மாடி வீடு அப்படியே சாய்ந்தபடி மிதந்துவருகிறது. இருவரும் தோணியில் போய் எட்டிப் பார்க்கிறார்கள். மூலையில் ஒருவன் கிடக்கிறான். ஜிம் போய்க் குனிந்து பார்க்கிறார். செத்துப்போன ஆள், உடம்பில் துணியில்லை, முதுகில் சுட்டிருக்கிறார்கள். “உள்ள வா ஹக், ஆனா மூஞ்சியைப் பாக்காத, கோரமா இருக்கு” என்கிறார். ஹக் நம்மிடம் சொல்வது இது: ஜிம் பழைய கந்தல்களை எடுத்து அதன்மேல் போட்டான், போட்டிருக்கவே வேண்டாம், அதைப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை.

அவ்வளவுதான். அடுத்த நிமிடமே வீட்டில் கிடைத்த சாமான்களைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறான். தகர லாந்தர், பிடியில்லாத கசாப்புக் கத்தி, மெழுகுவர்த்திகள், போர்வை. ஒரு மரக்கால்கூடக் கிடைக்கிறது. அது எனக்கு நீளம், ஜிம்முக்குக் குட்டை, ஜோடிக் காலை எவ்வளவோ தேடினோம், கிடைக்கவில்லை என்கிறான். நாம் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே பிணத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். முதல் தடவை படித்தபோது நானும் அப்படித்தான் தாண்டிப் போனேன்.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் ஹக் செத்தவனைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறான். ஜிம் பேச விடவில்லை. அந்தப் பேச்சு கெட்டது கொண்டுவரும், புதைக்காத பிணம் பேயாக அலையும், நம்மையே பிடித்தாலும் பிடிக்கும் என்கிறார். நியாயமாகத்தான் பட்டது, அதனால் விட்டுவிட்டேன், ஆனாலும் யார் சுட்டார்கள், எதற்குச் சுட்டார்கள் என்று தெரிந்தால் தேவலை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன் என்று ஹக் எழுதுகிறான். இரண்டாம் தடவை படிக்கும்போது இந்த வரியில் நின்றுவிட்டேன். பையன் யோசித்துக்கொண்டிருப்பது தன் அப்பனைச் சுட்டது யார் என்று. அவனுக்கு அது தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

ஜிம்மின் மூடநம்பிக்கைகளை வைத்து அவரை ஒரு கோமாளி என்று படித்தவர்கள் உண்டு. பாம்புத் தோல், பேய், சகுனம் என்று பேசிக்கொண்டே இருப்பார். அதில் பெரும்பகுதியை அவர் உண்மையிலேயே நம்புகிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த ஓரிடத்தில் பேய்க்கதை ஒரு மூடி. ஒரு பையனின் வாயை அடைக்க அதைவிட நல்ல மூடி கிடைக்காது.

ஏன் மறைத்தார்? பையன் மனசு தாங்காது என்று மறைத்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹக் ஓடியது அப்பனிடமிருந்து. அப்பன் செத்துவிட்டான் என்று தெரிந்தால் அவன் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்குத் திரும்பலாம், பணம் இருக்கிறது, அவனை முன்பு வளர்த்த டக்ளஸ் அம்மாள் வீட்டில் படுக்கை இருக்கிறது. ஜிம்மின் நிலை அதுவா? அடிமை மாநிலங்களுக்கு நடுவே ஓடும் ஆற்றில் தனியாகப் போகிற கறுப்பரை முதலில் பார்க்கிறவன் பிடித்துக் கட்டிவிடுவான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் இருந்தால், ‘இவன் எங்க ஆளு’ என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. ஆக, அந்தக் கந்தல் துணியில் பாசமும் இருக்கிறது, உயிர்ப்பயமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. ட்வெய்னும் பிரித்துக் கொடுக்கவில்லை.

இப்போது கதைசொல்லியைப் பார்ப்போம். ஹக் நாவல் முழுக்கப் பொய் சொல்கிறான். பெண் வேஷம் போட்டுக்கொண்டு சாரா வில்லியம்ஸ் என்கிறான், மாட்டிக்கொண்டதும் ஜார்ஜ் பீட்டர்ஸ் என்கிறான், இன்னொரு வீட்டில் ஜார்ஜ் ஜாக்சன், கடைசியில் தன் சிநேகிதன் டாம் சாயராகவே ஆகிவிடுகிறான். ஆனால் நம்மிடம், படிக்கிறவர்களிடம், ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. பார்த்தது அத்தனையையும் கொட்டுகிறான். பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் தவறுகிறான். நம்பகமற்ற கதைசொல்லி என்று விமர்சகர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் இவனுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. ஹக்கின் கண்ணை நம்பலாம். ஊர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் நம்ப முடியாது.

பதினாறாவது அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹியோ ஆறு கலக்கும் கெய்ரோ என்ற ஊரை எதிர்பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து மேலே போனால் அடிமைமுறை இல்லாத மாநிலங்கள். ஜிம்முக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. வாய்விட்டுத் திட்டம் போடுகிறார்: ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்து முதலில் பெண்டாட்டியை விலைக்கு வாங்குவேன், அப்புறம் இரண்டு பேரும் உழைத்துப் பிள்ளைகள் இரண்டையும் வாங்குவோம், விற்க மாட்டேன் என்றால் யாரையாவது வைத்துத் திருடிவிடுவோம். இதைக் கேட்டு ஹக் அதிர்ந்துபோகிறான். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத, நான் யாரென்றே அறியாத ஒரு மனிதரின் உடைமையான பிள்ளைகளைத் திருடுவதாகச் சொல்கிறானே என்று அவனுக்கு வேதனை! பெற்ற தகப்பன் தன் பிள்ளைகளைத் திருடுகிறானாம். ஹக் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறான். 1885-இல் அமெரிக்காவில் இந்தப் புத்தகம் வந்தபோது அடிமைமுறையை ஒழித்து இருபது வருஷம் ஆகியிருந்தது. பையனுக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும் என்ற தைரியத்தில்தான் ட்வெய்ன் அவன் கையில் பேனாவைக் கொடுத்தார்.

காட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்து ஹக் தோணியை எடுக்கிறான். அப்போது ஜிம் குரல் கொடுக்கிறார்: நீதான் எனக்கு வாய்த்ததிலேயே நல்ல சிநேகிதன், இப்போ எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதனும் நீதான். ஹக்கின் கையில் இருந்த வேகம் எல்லாம் போய்விடுகிறது. ஜிம் இதை வெள்ளந்தியாகச் சொன்னாரா, பையனின் முகத்தைப் படித்துச் சொன்னாரா? ஹக்கைக் கேட்டால் வெள்ளந்தி என்பான். பிணத்தின் முகத்தை மூடிய கையை ஞாபகம் வைத்திருப்பவர்கள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பிறந்ததிலிருந்து வெள்ளைக்காரர்களின் முகத்தைப் படித்து உயிர்பிழைத்த மனிதர் அவர்.

ஓடிப்போன அடிமைகளைத் தேடிவந்த இருவரிடம், தெப்பத்தில் இருப்பது அம்மை கண்ட தன் அப்பா என்று நம்பும்படி ஹக் நடிக்கிறான். அவர்கள் கிட்டே வரப் பயந்து ஆளுக்கு இருபது டாலர் தங்கக்காசைப் பலகையில் வைத்து மிதக்கவிட்டுப் போகிறார்கள். மொத்தம் 40 டாலர். இந்தத் தொகையை மனசில் வையுங்கள். அதே நேரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: உயிரோடு இல்லாத அப்பனைக் காட்டி ஹக் ஜிம்மைக் காப்பாற்றுகிறான். அப்பன் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. தண்ணீரில் ஒளிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்த ஜிம்முக்குத் தெரியும்.

ஜிம் மனசைத் திறந்து கோபப்படுவது ஒரே ஓர் இடத்தில்தான். பனிமூட்டத்தில் பிரிந்து, மறுபடி சேர்ந்ததும், எல்லாம் நீ கண்ட கனவு என்று ஹக் ஏய்க்கிறான். சிநேகிதன் தலையில் அழுக்கைக் கொட்டி அவமானப்படுத்துகிறவன்தான் குப்பை என்று சொல்லிவிட்டு ஜிம் உள்ளே போய்விடுகிறார். மன்னிப்புக் கேட்க ஹக்குக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. பதினைந்து நிமிடம் ஆனதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறான் பாருங்கள், அதுதான் ஹக்.

முப்பத்தொன்றாவது அத்தியாயம் எல்லோருக்கும் தெரிந்தது. ஜிம்மை ஒரு மோசடிக்காரன் விற்றுவிடுகிறான். எவ்வளவுக்கு? 40 டாலர். மிஸ் வாட்சனுக்குத் தகவல் சொல்லிக் கடிதம் எழுதிய ஹக், அதைக் கையில் வைத்து நடுங்கி, சரி, நான் நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப்போடுகிறான். 1895-இல் உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டபோது எழுதிய குறிப்பில், நல்ல இதயமும் கோணிப்போன மனசாட்சியும் மோதி மனசாட்சி தோற்கும் கதை இது என்று ட்வெய்ன் எழுதினார். அந்தப் பயணத்தில்தான் அவர் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வந்தார்.

இதற்குப் பிறகு வரும் கடைசிப் பகுதி எனக்கு எரிச்சல். டாம் சாயர் வந்து, ஜிம்மை அடைத்துவைத்திருக்கும், சுலபமாகத் திறக்கிற குடிசையிலிருந்து அவரை விடுவிக்க நாவல்களில் படித்த சிறைத்தப்பல் நாடகமெல்லாம் நடத்துகிறான். எலி, பாம்பு, இரத்தத்தில் எழுதிய டைரி. ஹெமிங்வே, நவீன அமெரிக்க இலக்கியம் முழுக்க இந்த ஒரு புத்தகத்திலிருந்து வருகிறது என்று 1935-இல் சொன்னவர், ஜிம்மைப் பறிகொடுக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சம் ஏமாற்று என்றும் சேர்த்தே சொன்னார். டி. எஸ். எலியட் முடிவு சரிதான் என்று வாதாடினார். நான் ஹெமிங்வே பக்கம்தான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தினால் ஒன்றை இழந்துவிடுவோம்.

மிஸ் வாட்சன் இரண்டு மாதத்துக்கு முன்பே செத்துவிட்டாள், உயிலில் ஜிம்மை விடுதலை செய்துவிட்டாள், டாமுக்கு அது முதலிலேயே தெரியும் என்று கடைசியில் வெளிப்படுகிறது. விளையாட்டுக்காக மறைத்திருக்கிறான். அதற்குக் கூலியாக ஜிம்முக்கு அவன் கொடுப்பது, மறுபடியும், 40 டாலர். அந்தப் பணம் கைக்கு வந்த பிறகுதான், விடுதலையான மனிதராக, ஜிம் தன் பங்கு இரகசியத்தைச் சொல்கிறார். என் பணத்தை அப்பன் இதற்குள் குடித்துத் தீர்த்திருப்பான் என்று ஹக் சொல்லும்போது, “அவர் இனிமே வர மாட்டார், ஹக்” என்கிறார். ஏன் என்று கேட்டால், ஏனென்று கேட்காதே என்கிறார். ஹக் விடாமல் கேட்ட பிறகு: “மிதந்து வந்த அந்த வீடு ஞாபகம் இருக்கா? நான் உள்ள போய்ப் பாத்தேன், உன்னை உள்ள விடல. அது அவர்தான்.”

உன்னை உள்ளே விடவில்லை என்கிறார். ஒன்பதாவது அத்தியாயத்தில் ‘உள்ள வா’ என்றுதான் கூப்பிட்டார். ட்வெய்ன் 1876-இல் தொடங்கி, விட்டுவிட்டு எழுதி, 1883-இல் முடித்த புத்தகம், மறந்திருப்பார் என்று சொல்லிவிடலாம். இவ்வளவு நாள் சுமந்ததில் ஜிம்மின் ஞாபகத்திலேயே அந்தக் கதவு சாத்திக்கொண்டது என்று படிக்கத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆக, துரத்துகிற அப்பன் இல்லாமலே ஹக் ஓடியிருக்கிறான். பயணத்தின் கடைசிப் பகுதியில் சட்டப்படி விடுதலையான ஜிம்மும் தெரியாமல் ஓடியிருக்கிறார். 2024-இல் பெர்சிவல் எவரெட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தக் கதையை ஜிம்மே சொல்வதாக ஒரு நாவல் எழுதினார், அடுத்த வருஷம் அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. நல்ல நாவல். இருந்தாலும், ஜிம்மின் மனசு மூடியே இருக்கிற பழைய புத்தகம்தான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

அப்பன் செத்த செய்தி கேட்டு ஹக் என்ன செய்தான்? அழுதானா, ஜிம் மேல் கோபப்பட்டானா? பார்த்தது அத்தனையையும் கொட்டுகிற பையன் இங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வரியே, ஜிம்மை விடுவிக்கும்போது டாமுக்குக் காலில் குண்டு பட்ட காயம் ஏறக்குறைய ஆறிவிட்டது, அந்தக் குண்டைக் கடிகாரம் மாதிரிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மணி பார்க்கிறான் என்று போகிறது. புத்தகம் எழுதுவது இவ்வளவு தொல்லை என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்கிறான். டாமின் சாலி அத்தை தன்னைத் தத்தெடுத்துத் திருத்தப் பார்க்கிறாள், அதனால் மேற்கே ஓடப்போகிறேன் என்கிறான்.

அந்தக் கடைசிப் பத்தியில் ஜிம்மின் பெயர் இல்லை. பெண்டாட்டியும் பிள்ளைகளும் இன்னும் மிசௌரியில் யாருடைய உடைமையாகவோ இருக்கிறார்கள். ஜிம்மின் பையில் 40 டாலர் இருக்கிறது.